முன் சீட்டில் ஒரு கல்

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிறு இரவு (திங்கள் ஆகிவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது)

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய ரூபினி அக்கா அவர்களுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கிள்ளானில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள், முக்கியமாகத் தூங்கிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். மீதியைப் படித்துவிட்டு அது உண்மையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் குறி விழுகிறதா என்று விடியும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன், அதனால்தான் மின்னஞ்சல். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவள் சொந்தப் பெரியம்மா மகளுக்கு ஒழுங்காக ஒரு கடிதம் எழுதியதில்லை என்ற பேச்சும் இதோடு தீரட்டும்.

விஷயம் அந்தப் படம். "டோல் வரைக்கும்" என்று பெயர் வைத்து நம் நாட்டிலேயே எடுத்து, பிறையில் ஒரு தியேட்டரில் வேலைக்குப் போகிறவர்கள் யாரும் வர முடியாத காலைக் காட்சியாக மட்டும் ஓடி, ஒரு வாரம் கூட முடியாமல் பெரிய ஹீரோ படத்துக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்ட படம். பத்திரிகையில் அதற்கு நாலு வரி விமர்சனம் வந்தது. அதில் ஒரு வரி, படம் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது. ஊரே பார்க்காத படத்துக்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். நீங்கள்தான் போன வாரம் போனில், "சுபா, நீயும் தயாளனும் சேந்து உக்காந்து அந்தப் படத்த பாருங்க. பாத்துட்டு மறுநாளு கெரேத்தாவ எடுத்துக்கிட்டு ரெண்டு பேரு மட்டும் ஒரு ரவுண்டு போங்க. பேசணும்னா கார்லதான் லா பேச முடியும். பாதியில யாரும் எழுந்து போக முடியாதுல்ல" என்று சொல்லி, இணையத்தில் படம் பார்க்கிற உங்கள் கணக்கின் கடவுச்சொல்லையும் அனுப்பிவைத்தீர்கள். மூத்தவர்கள் சொல்லைத் தட்டக் கூடாது என்று அதன்படியே செய்தேன். அதனால் விளைந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பேச வேண்டிய விஷயம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். இவர் வேலை பார்க்கிற பத்து காவான் ஊர்த் தொழிற்சாலையில் இவரைக் கூப்பிட்டு, ஜொகூரில் புதிதாகத் திறக்கும் பிரிவுக்கு இரண்டு வருடம் போகிறாயா, சம்பளம் கூட்டித் தருகிறோம், மாதத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வந்து போகலாம் என்று கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனதும் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை அக்கா. தினமும் பேசினோம். "நீ என்ன சொல்ற?" என்பார். "உங்க இஷ்டம்" என்பேன். "இல்ல, நீ சொல்றதுதான்" என்பார். "எனக்கு ஒன்னும் இல்ல, நீங்க பாருங்க" என்பேன். அதற்குள் அதிரா அழுவாள், அல்லது அத்தை துவைத்த துணியை அலமாரியில் வைக்க அறைக்குள் வருவார், நாங்கள் இருவரும் மிகுந்த மரியாதையோடு ஆளுக்கொரு பக்கம் விலகிக்கொள்வோம். அவர் போக வேண்டாம். இதுதான் என் முடிவு. இதை உங்களிடம் சொல்லிவிட்டேன், மருந்துக்கடைப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன், பாசாரில் கீரை விற்கும் சீன ஆன்ட்டியிடம் மலாயில் சொல்லிவிட்டேன். அவரிடம் மட்டும் வாய் வரவில்லை. நாளைக்கு ஒரு கஷ்டம் என்று வந்தால், "நீதானே தடுத்தாய்" என்று அவர் சொல்ல மாட்டார். சொல்லாமல் இருப்பார். அந்தச் சொல்லாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியாது. போதாக்குறைக்கு, செய்தி கேட்ட மூன்றாம் நாளே அத்தை ஒரு ஆள் சோறு வடிக்கும் சின்ன ரைஸ் குக்கர் ஒன்றை வாங்கிவந்து, பெட்டியோடு ஐஸ்பெட்டி மேல் வைத்துவிட்டார். மகனை அனுப்பிவைப்பதில் அவருக்கு அவ்வளவு அவசரம். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டி என்னைப் பார்க்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் அதிரா தூங்கியதும் படத்தைப் போட்டோம். சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள் என்றீர்களே, சேர்ந்துதான் உட்கார்ந்தோம். எங்கள் சோபாவில் மூன்று பேர் உட்காரலாம் என்பதால் மூன்று பேர் உட்கார்ந்தோம். நடுவில் அத்தை. கதை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் குற்றம் சாட்டுகிறவள் குற்றத்தைச் சொல்லத்தானே வேண்டும். அலோர் ஸ்டாரில் கேக் செய்து விற்கிற ஒரு பெண். அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்தவன் ஜொகூரில் வேறொருத்தியைக் கட்டப் போகிறான், கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக்கை இவளிடமே ஆர்டர் கொடுக்கிறான், தொழில் தொழில்தான் என்று இவளும் செய்துவிடுகிறாள், கடைசி நேரத்தில் வண்டி கிடைக்காமல் ஏர்கோன் ரிப்பேர் செய்கிற ஒருவனின் பழைய வேனில் ஏறுகிறாள். ஏர்கோன்காரன் வேனில் ஏர்கோன் இல்லை. "அடுத்த டோல் வரைக்கும்தான் வருவேன்" என்கிறான். டோல் வந்ததும், "சரி, அடுத்த டோல்" என்கிறான். இவ்வளவுதான் கதை. நாடு நெடுக டோல் இருப்பதால் படம் ஓடுகிறது. வில்லன் கிடையாது. சண்டை என்று பார்த்தால், ஹீரோ ஒரு பார்க்கிங் மெஷினோடு சண்டை போட்டுத் தோற்றுப்போகிறான். பாட்டு ஒன்றே ஒன்று, அதுவும் வேன் ரேடியோவில் மலாய் வானிலைச் செய்தியோடு கலந்து வருகிறது. கதாநாயகிக்கு வியர்க்கிறது அக்கா. கதாநாயகிக்கு வியர்த்து நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. ஜன்னலைத் திறந்தால் கேக்கில் தூசி விழும், மூடினால் கேக் உருகும். இந்த ஒரே விஷயத்தை ஈப்போவிலிருந்து தாப்பா வரைக்கும் இரண்டு பேரும் விவாதிக்கிறார்கள். ஒருவர் சொல்வதை ஒருவர் அப்படிக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டு சண்டை போடுவதைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. நானும் இவரும் கடைசியாக அவ்வளவு அக்கறையோடு விவாதித்தது எந்த டயப்பர் ஒழுகாது என்பதைப் பற்றி.

அப்புறம் அந்தக் கதவு. அவள் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. ஒவ்வொரு தடவையும் அவன் இறங்கி, வேனைச் சுற்றிவந்து, வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். மழை பெய்தாலும் வருகிறான். சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் வந்து திறந்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவள் ஆரஞ்சு உரித்து, ரோட்டைப் பார்த்தபடி நீட்டிய அவன் கையில் ஒரு சுளை வைக்கிறாள். கொட்டையோடு முழுங்குகிறான். இந்த இடத்தில் நான் அத்தையின் தலைக்கு மேல் எட்டி இவரைப் பார்த்தேன். இவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். இரவு வேலை முடித்து வந்தவர், இரண்டாவது டோலைக் கூடத் தாண்டவில்லை. அத்தைதான் முழிப்பாக இருந்தார். "இந்தப் பொண்ணோட அப்பா அம்மா எங்க?" என்று கேட்டார். "கேக்க மடியில வச்சுக்கிட்டு போறாளே, ஐஸ் போட மாட்டாளா?" என்று கேட்டார். "இவன் லைசென்ஸு ஒழுங்கா வச்சிருக்கானா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே மகன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஆகவே கடைசி டோலுக்கு நான் தனியாகத்தான் போய்ச் சேர்ந்தேன். அங்கே அவன் ஏதோ நினைப்பில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் ஜன்னலை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிக் கைப்பிடியை இழுத்துத் தானே கதவைத் திறந்துகொண்டு இறங்குகிறாளே. "இது உனக்கு எப்பத் தெரிஞ்சது?" என்று அவன் கேட்க, "முதல் டோல்லயே" என்கிறாளே. நான் அழுத சத்தத்தில் அதிரா எழுந்துவிட்டாள். இப்படி ஒரு படத்தை எதற்காக எடுக்கிறார்கள்? வீட்டில் பிள்ளை தூங்க வேண்டாமா?

சரி, படம்தான் தோற்றது, பயணமாவது ஜெயிக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் போட்டேன். தீவிலிருந்து பழைய பாலத்தில் கடலைத் தாண்டிப் பிறைக்குப் போய், அங்கிருந்து கீழே பத்து காவான், அங்கிருந்து புதுப் பாலத்தில் ஏறி வீடு. ஒரு வட்டம். அதிராவை அத்தையிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும். பையில் ஆரஞ்சுப் பழம் கூட வாங்கி வைத்திருந்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. காலையில் அதிரா என் கழுத்தை விடவில்லை. சரி, அவளும் வரட்டும், தூங்கிவிடுவாள் என்று செருப்பு போட்டோம். அத்தை வாசலில் வந்து நின்றார். "எங்க போறீங்க?" "சும்மா ஒரு ரவுண்டும்மா. ஜொகூர் விஷயமா கொஞ்சம் பேசணும்" என்றார் இவர். அத்தை எங்களை விரல் விட்டு எண்ணினார். "நல்ல காரியம் பேசப் போறீங்க. மூணு பேராவா கிளம்புவீங்க?"

மூன்று பேராகக் கிளம்பினால் போகிற காரியம் விளங்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் கைக்குழந்தையை யாரும் எண்ண மாட்டார்களே என்று நான் மெதுவாகக் கேட்டேன். "பல்லு முளைச்சா ஆளு" என்றார் அத்தை. அதிராவுக்குப் போன வாரம்தான் முதல் பல் எட்டிப் பார்த்தது. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தால் நாங்கள் இரண்டே பேர். ஒரு பல்லால் கெட்டது.

"கார் கோசோங்காத்தானே போகுது, நானே வரேன். செபராங் ஜெயாவுல துளசி வீட்டுல இறக்கிவிட்டுடுங்க" என்று அத்தை ஏறிக்கொண்டார். காலியாக இருக்கிற சீட் நம் வீடுகளில் யாருக்கும் பொறுக்காது. முன் சீட்டில் அத்தை, பின் சீட்டில் அதிராவின் இருக்கைக்குப் பக்கத்தில் நான். இது புதிதில்லை அக்கா. அதிரா பிறந்ததிலிருந்து நான் பின் சீட்டில்தான். அவளுக்கு எச்சில் துடைக்க, பாட்டில் கொடுக்க, விழுந்த யானைப் பொம்மையை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே. சிக்னலில் பார்க்கிறவர்களுக்கு அவர் வாடகைக்கு ஓட்டுகிறவர், நான் முகம் கொடுத்துப் பேசாத பயணி.

பாலம் முழுக்க ஜாம். அத்தை பாலத்தின் நீளத்துக்கு அந்தப் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். "அந்தக் கேக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. தூங்கினவர்களுக்குக் கேக் கிடையாது. செபராங் ஜெயாவில் தங்கை துளசி சித்தி வீட்டில் இறங்கியவர், இறங்கினோமா போனோமா என்று இல்லாமல் மறுபடியும் எங்களை எண்ணினார். "இப்ப மூணு பேரு ஆயிட்டீங்களே" என்று உள்ளே பார்த்து, "சிவநேசா, உன் மோட்டார் சைக்கிளு பிறை வொர்க்ஷாப்புலதானே இருக்கு? எடுக்கணும்னியே, ஏறு" என்று சித்தப்பாவைச் சாப்பிட்ட கையோடு எழுப்பி முன் சீட்டில் ஏற்றிவிட்டார்.

சித்தப்பாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னார். "போடா தயா. யோசிக்காத. பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு இருந்தாத்தான் அருமை தெரியும். நான் ஏழு வருஷம் தனியா கெர்த்தேவுல வேலை பாத்தேன். உன் சித்தி ஒரு நாளு என்கிட்ட சண்டை போட்டிருப்பாளா?" "போன்லகூடப் பேசிக்கிட்டதில்லையே சித்தப்பா" என்றார் இவர். "அதைத்தான் சொல்றேன்" என்றார் சித்தப்பா. நான் கண்ணாடியில் இவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடியில் கண் மட்டும்தான் தெரியும். அந்தக் கண் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறையில் வொர்க்ஷாப் வாசலில் இறங்கிய சித்தப்பா நகரவில்லை. "நான் இப்படியே போனா அக்கா என்னை உயிரோட விடமாட்டாங்க. மூணு பேரா விட்டுட்டு வந்தியான்னு கேப்பாங்க" என்று சுற்றும் முற்றும் பார்த்தார். உங்களுக்குத்தான் தெரியுமே, நாலாவது ஆள் கிடைக்காவிட்டால் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போவார்கள், கல்லும் ஒரு ஆள் கணக்கு. நம் பெரியவர்கள் கூழாங்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போனதாகத்தான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். சித்தப்பா லாரி டயருக்கு முட்டுக் கொடுத்திருந்த கருங்கல்லை இரண்டு கையாலும் தூக்கிவந்து, சட்டையில் துடைத்து, முன் சீட்டில் வைத்தார். உடனே கார் கத்த ஆரம்பித்துவிட்டது. முன் சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் கத்துமே, அந்தச் சத்தம். அந்த அளவுக்குக் கனமான கல். சித்தப்பா அமைதியாக அதற்குப் பெல்ட்டைப் போட்டுவிட்டு, "ஆச்சு. நாலு பேரு. போங்க" என்றார். வொர்க்ஷாப் சீனர் சிரிக்கவில்லை. கல்லை ஏற்றிக்கொண்டு போகிற தமிழர்களை அவர் முன்பும் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் படத்தையும் என் நிலைமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே அவன் பக்கத்தில் ஒரு பெண், அவள் மடியில் கேக், கையில் ஆரஞ்சு. இங்கே என் கணவர் பக்கத்தில் ஒரு கருங்கல், பெல்ட் போட்டுக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி. நான் பின்னால், மடியில் எச்சில் துணி. இதற்குத்தானா அக்கா நான் உங்கள் பேச்சைக் கேட்டேன்?

அதிரா தூங்கிவிட்டாள். பிறைத் தொழிற்சாலைகளெல்லாம் பின்னால் போயின. அப்புறம் இவர் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்து, "கல்லு, பத்து காவான்னா என்னன்னு தெரியுமா உனக்கு? மலாய்ல பத்துன்னா கல்லு. காவான்னா கூட்டாளி. உன் ஊருக்குத்தான் போறோம், பயப்படாத" என்றார். நான் சிரித்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டார். அதிலிருந்து கல்லிடமே பேச ஆரம்பித்தார்.

"கல்லு, உன்கிட்ட ஒன்னு சொல்றேன். இவ ராத்திரியில போன்ல தரை வீடா பாத்துக்கிட்டு இருக்கா. வாசல்ல மாமரம் வச்ச வீடு. ஃபிளாட்டுல இருந்துக்கிட்டு இந்தச் சம்பளத்துல அதை எப்படி வாங்குறது? ஜொகூர் போனாத்தான் முடியும்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நானும் கல்லிடமே சொன்னேன். "கல்லு, சில பேரு சாமி கும்பிட்டுட்டுப் படுப்பாங்க, நான் வீடு பாத்துட்டுப் படுப்பேன். தூக்கம் வரும். வாங்குறதுக்கு இல்ல."

கார் வேகம் குறைந்தது. "அப்ப அதை ஏன் என்கிட்ட சொல்லல, கல்லு?"

"இவரு கேக்கல, கல்லு."

"ம்" என்றார். கல் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பாவை விட அது எவ்வளவோ தேவலாம்.

பத்து காவானில் ஒரு இளநீர்க் கடை ஓரமாக நிறுத்தி, திரும்பிப் பார்க்காமலே, "முன்னாடி வந்து உக்காரேன்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் சொன்ன காதல் வசனம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். நான் கதவைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. குழந்தை பிறந்ததும் பயந்துபோய்ப் பின் கதவு இரண்டுக்கும் உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி பூட்டு போட்டு வைத்தவளே நான்தான். சரி, படத்தில் அவள் செய்த மாதிரி ஜன்னலை இறக்கிக் கையை வெளியே விட்டேன். பின் ஜன்னல் பாதிதான் இறங்கும் என்பதைப் படத்தில் யாரும் சொல்லவில்லை. முழங்கை மாட்டிக்கொண்டது. "கைய வெளிய நீட்டாத, லோரி வருது" என்று சத்தம் போட்டுவிட்டு, அவர் இறங்கி, காரைச் சுற்றிவந்து, வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டார். அவர் தூங்கிப்போன படத்தில் வருகிற அதே சுற்று. கல்லைத் தூக்கி அதிராவுக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கு மறுபடி பெல்ட் போட்டுவிட்டு, நான் முன்னால் உட்கார்ந்தேன். முன்னாலிருந்து பார்த்தால் ரோடு எவ்வளவு அகலமாக இருக்கிறது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. ஆரஞ்சை உரித்து ஒரு சுளையை அவர் கையில் வைத்தேன். "கொட்டை இருக்கு லா" என்று டிஷ்யூவில் துப்பினார்.

புதுப் பாலத்து டோல் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தியா சுபா, பினாங்க விட்டுப் போறதுக்கு டோல் கிடையாது. திரும்பி வரதுக்குத்தான் புடுங்குறான்." கொஞ்சம் பொறுத்து, இந்தத் தடவை கல்லிடம் இல்லை, என்னிடம், "நாளைக்கு இல்லன்னு சொல்லிடவா?" என்றார்.

அக்கா, இதற்காகத்தான் படம் பார்த்தேன். இதற்காகத்தான் கல்லுக்குப் பெல்ட் போட்டேன். தேங்காய் உடைக்காத குறையாகக் காத்திருந்த கேள்வி. அந்த நேரம் பார்த்து ஐஸ்பெட்டி மேலிருக்கிற குக்கர் பெட்டி கண்ணுக்குள் வந்து நின்றது. வாய் அதன் பழக்கத்தில் அதுபாட்டுக்கு, "உங்க இஷ்டம்" என்றது.

"சரி" என்றார். டோல் கதவு எழுந்தது. அதிராவும் எழுந்தாள். பாலத்தில் நிறுத்த முடியாது என்பதால் இரண்டு சீட்டுக்கும் நடுவில் நான் புகுந்து பின்னால் போய் விழுந்தேன். கடலுக்கு மேல் அவ்வளவு நீளமாகப் போகிற பாலத்தில், கரை வரும்வரை நான் யானைப் பாட்டு பாடினேன். வீட்டுக்கு வந்ததும் கல்லைக் குப்பைத்தொட்டிப் பக்கம் வைக்கப் போனோம், அதற்குள் செபராங் ஜெயாவிலிருந்து வந்துவிட்ட அத்தை, "நாலாவதா வந்ததை நடுவழியில விடலாமா?" என்று மேலே எடுத்துவரச் சொன்னார். லிஃப்டில் அது என் கையில் அதிரா கனம் கனத்தது. இப்போது சமையலறையில் இட்லி மாவுச் சட்டியின் மூடி மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே நான் தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்வது இரண்டு. ஒன்று, அந்தப் படத்தை இனி எந்தக் குடும்பத்துக்கும் சிபாரிசு செய்யாதீர்கள். காரில் ஏறினால் மனிதர்கள் பேசிக்கொள்வார்கள் என்று நம்பவைக்கிற படம் அது. ஊர் அதைப் பார்க்காமல் விட்டது ஊரின் நல்ல காலம். இரண்டு, அவர் விடிகாலையிலேயே கிளம்பிவிடுவார். அதற்கு முன்னால் நீங்கள் போன் போட்டு, நான் சொன்னதாகத் தெரியாமல், பொதுவாகப் பேசுகிற மாதிரி, ஜொகூருக்குப் போய் யாரோ கஷ்டப்பட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பேச்சை அவர் தட்ட மாட்டார். என் பேச்சையும் தட்ட மாட்டார். பேசினால்தானே.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அதிராவின் ஒற்றைப் பல் முத்தம். எல்லாம் வல்ல தண்ணீர்மலை முருகன் தங்கள் இல்லத்தில் எல்லோரையும் ஒரே ஊரில் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்புத் தங்கை,
சுபாஷினி தயாளன்

பி.கு.: அனுப்பப் போகிற நேரத்தில் சமையலறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். இவர் தண்ணீர்ப் பாட்டிலோடு மாவுச் சட்டி முன்னால் நின்றுகொண்டு, "கல்லு, நாளைக்கு நான் என்னதான் சொல்லட்டும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கல்லைப் பார்க்கவில்லை. "போகாதீங்க. எனக்கு நீங்க இங்கதான் வேணும்" என்றேன். அவர் பாட்டிலை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "இதைச் சொல்றதுக்கு ரெண்டு பாலம் தாண்டணுமா?" என்றார். "நீங்க மட்டும் சொன்னீங்களா?" என்றேன். "நீ போகச் சொல்றேன்னுல்ல நினைச்சேன். இல்லாட்டி கேட்ட அன்னைக்கே இல்லன்னு சொல்லிட்டு வந்திருப்பேன்" என்றார்.

அதற்குள் அறையிலிருந்து அத்தையின் குரல்: "நீங்க ரெண்டு பேரு, கல்லு ஒன்னு. மூணு பேரா நின்னு என்ன பேச்சு? இருங்க, நான் வரேன்." கொண்டையை முடிந்துகொண்டே வந்தார். "அம்மா, நான் ஜொகூர் போகல" என்றார் இவர். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஐஸ்பெட்டி மேலிருந்த குக்கரை இறக்கினார். "டேப்பு கூடப் பிரிக்கல. திருப்பிக் குடுத்துடலாம்" என்றார். "அப்ப நீங்களும் வேணாம்னுதான் நினைச்சீங்களா அத்தை?" என்று கேட்டேன். "புள்ள தூரமாப் போகணும்னு யாராவது வேண்டிக்குவாங்களா? நீங்க ரெண்டு பேரும் ஆசப்படுறீங்க போலன்னு, போற காரியம் கெடக் கூடாதேன்னு, காலையிலேருந்து ஆளு புடிச்சுப் புடிச்சு ஏத்திவிட்டேன். போகாம இருக்கத்தான் பேசுறீங்கன்னு முதல்லயே சொல்லியிருந்தா, மூணு பேராவே அனுப்பியிருப்பேனே" என்றார்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக வைத்துக்கொள்ளுங்கள். இவருக்குப் போன் போட வேண்டாம். அந்தப் படத்தைக் கிள்ளானில் உள்ள எல்லோருக்கும் சிபாரிசு செய்யுங்கள். இவருக்கு இரண்டாவது டோலிலிருந்து பார்க்க வேண்டுமாம், அத்தைக்குக் கேக் என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமாம். அதிராவும் எழுந்துவிட்டாள். அத்தை தானாகவே சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீ நடுவுல உக்காரு" என்று எனக்கு இடம் விட்டிருக்கிறார். டிவி மட்டும் புதுக் கடவுச்சொல் கேட்கிறது; உங்கள் மகன் மாற்றியிருப்பான். அதை அனுப்பிவையுங்கள். கடைசி டோலில் வருகிற கதவு விஷயத்தை மட்டும் இவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். சீக்கிரம் பதில் போடுங்கள் அக்கா.